பழைய போட்டோவை ஸ்கேன் செய்து சீராக்க: கண்ணாடியைத் துடைப்பதிலிருந்து பிரிண்ட் வரை

பழைய போட்டோவைச் சீராக்க உட்காருபவர்களில் பலர் நேராக முகத்துக்குப் போய்விடுகிறார்கள். கன்னத்துக் கீறலை அழித்துவிட்டு, அதன் பிறகு வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டியதும் அழித்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக எழுந்து நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கருவியில் கோளாறு இல்லை, செய்த வரிசைதான் தப்பு. அதனால் இங்கே ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மென்பொருள் ஜிம்ப், 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. இலவசம். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும், பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ பயன்படுத்துபவர்களுக்கும் இதே கருவிகள் உண்டு, பெயர்தான் கொஞ்சம் மாறும். போனில் ஸ்னாப்சீட் சின்னத் தூசிக்குப் போதும். ஆனால் பக்கத்து இடத்தை எடுத்து ஒட்டிக் குறையை மூடும் அதன் ஹீலிங் கருவியில், எங்கிருந்து எடுப்பது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. விரிசல் விழுந்த படத்துக்குக் கணினிதான் வேண்டும்.

1. உட்காருமுன் தேவையானவை

ஃபிளாட்பெட் ஸ்கேனர், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுகுழல், ஒரு மவுஸ். லேப்டாப்பின் டச்பேடில் இந்த வேலை செய்தால் அரை மணியில் கை ஓய்ந்துவிடும், கோடும் நேராக வராது.

திரையில் நைட் லைட் போன்ற மஞ்சள் வெளிச்ச வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்போது நிறம் திருத்தினால், மறுநாள் காலையில் படம் நீலமாகத் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

2. போட்டோவைக் கையாளுதல்

விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டால் இளகும், இளகியதைத் துணியால் தேய்த்தால் படமே உரிந்து வரும். தூசியை ஊதுகுழலால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கை அப்படியே விட்டுவிடலாம், அதைத் திரையில் எடுப்பது சுலபம்.

பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பத்திலிருந்து எடுக்க, பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் போட்டோவின் அடியில் கொடுத்து, இப்படியும் அப்படியுமாக மெல்ல அறுத்துக்கொண்டே போங்கள். சுருண்டுபோன கறுப்பு-வெள்ளைப் படத்தை அழுத்தி நிமிர்த்தாதீர்கள், பூச்சு விண்டுவிடும். செலோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது.

சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள் நம் வீடுகளில் நிறைய. சுவர் ஈரம் ஏறி ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க முயல வேண்டாம். கண்ணாடி மேல் இருக்கும் குங்குமம், சந்தனத்தை மட்டும் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், நேர் மேலிருந்து கேமராவில் எடுங்கள். கேமராவுக்குப் பின்னால் யாராவது ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது. பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கண்ணாடியை ஒட்டினாற்போல் இருப்பதை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். சட்டத்தின் கண்ணாடி இடையில் வந்தால் படம் மங்கிவிடும்.

3. ஸ்கேன்

ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் தெளிக்காதீர்கள். ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கினால் வெளியே எடுக்க வழியில்லை. கண்ணாடியில் ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால், பிறகு தூசி எடுப்பதில் ஒரு மணி நேரம் மிச்சம்.

எத்தனை டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி? 4×6 அங்குலப் படத்துக்கு 600. அது 2400×3600 பிக்சல் தரும். பிரிண்டுக்கு 300 டிபிஐ என்று கணக்கிட்டால் 8×12 அங்குலம் வரை பெரிதாக்கலாம். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு 1200. அதற்கு மேல் போவதில் பலன் இல்லை, காகிதப் பிரிண்டுக்குள் அவ்வளவு விவரம் கிடையாது. கோப்புதான் பெருக்கும்.

ஒருவர் மறைந்த பிறகு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று, பழைய குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் எடுக்கச் சொல்லி வருவார்கள். அந்த முகம் 6 மில்லிமீட்டர் அகலம் என்றால், 1200 டிபிஐயில்கூட சுமார் 280 பிக்சல்தான். கூர்மையாக அச்சிட்டால் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குள்தான் நிற்கும். வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லி, வேறு படம் இருக்கிறதா, ரேஷன் கார்டிலோ பழைய பாஸ்போர்ட்டிலோ இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

கறுப்பு-வெள்ளைப் படமாக இருந்தாலும் கலர் மோடில் ஸ்கேன் செய்யுங்கள். காரணம் 5ஆம் படியில் வருகிறது. ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தம், தூசி நீக்கம், கூர்மை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை செய்ததைப் பிறகு நம்மால் திருப்ப முடியாது. நிறங்களை இன்னும் நுணுக்கமான படிகளில் பதியும் 48 பிட் வசதி இருந்தால், மங்கிய படங்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தைத் தின்றுவிடும்.

பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, யார் யார் என்ற பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் புள்ளி வேலைப்பாடு கொண்ட காகிதமா? ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் ஒவ்வொரு மேடும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு முறை ஸ்கேன் செய்து, படத்தைத் தலைகீழாக 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவதைத் திரையில் திருப்பி, முதலாவதன் மேல் லேயராக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தாள்போல, வைத்துப் பொருத்தி, லேயர் மோடை டார்க்கன் ஒன்லி ஆக்குங்கள். இரண்டில் இருட்டான புள்ளியே தெரியும். இரண்டு ஸ்கேனிலும் மினுமினுப்பு வேறு வேறு பக்கத்தில் விழுந்திருப்பதால் பெரும்பகுதி மறைந்துவிடும். பொருத்தம் ஒரு பிக்சல் தவறினாலும் படம் மங்கும், அதனால் கண் பாப்பாவில் பெரிதாக்கிப் பார்த்துப் பொருத்துங்கள்.

4. பிரதி, பிறகு நேராக்குதல்

மூல ஸ்கேனைத் தனி ஃபோல்டரில் போட்டு, திறக்காமல் வைத்துவிடுங்கள். வேலை எல்லாம் பிரதியில், ஜிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்தில். ஒவ்வொரு படி தொடங்கும்போதும் லேயரை டூப்ளிகேட் செய்து, அதற்கு "நிறம்", "தூசி", "விரிசல்" என்று பெயர் வையுங்கள். விரிசலில் சொதப்பினால் அந்த லேயரை மட்டும் தூக்கி எறியலாம், தூசி எடுத்த உழைப்பு பத்திரமாக இருக்கும்.

சாய்வை மெஷர் கருவியால் திருத்துங்கள். படத்தில் நேராக இருக்க வேண்டிய ஒரு விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்து, ஸ்ட்ரெய்ட்டன் பொத்தானை அழுத்தினால் போதும். ஒரே ஒரு முறை. ஒவ்வொரு சுழற்றலிலும் படம் கொஞ்சம் மங்கும். சாய்வு அதிகம் என்றால் சுழற்றுவதைவிட மறுபடி ஸ்கேன் செய்வதே மேல்.

வெள்ளை ஓரத்தை இப்போதே வெட்டிவிடாதீர்கள். காகிதம் எவ்வளவு மஞ்சளாகியிருக்கிறது என்பதை அந்த ஓரம்தான் காட்டும்.

5. கறை: கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு மட்டும்

கலரில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான். கலர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்ஸ், அதில் டிகம்போஸ். ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் நிறப் படங்களாகப் பிரிந்து வரும். ஒவ்வொன்றாகக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள், அதாவது லேயர் பட்டியலில் இருக்கும் கண் குறியை அணைத்து அணைத்து.

மஞ்சள் கறை நீல ஒளியைத் தின்னும். அதனால் நீலப் படத்தில் கறுத்துத் தெரியும், சிவப்புப் படத்தில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். டீக் கறை, பழுப்புப் புள்ளி, பழைய டேப்பின் பசை எல்லாம் இப்படித்தான். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு தொடருங்கள். குழந்தை நீலப் பேனாவால் கிறுக்கிய படம் என்றால் தலைகீழ். நீல மை சிவப்புப் படத்தில் கறுப்பாக நிற்கும், நீலப் படத்தில் மங்கிவிடும்.

மணிக்கணக்கில் பிரஷ் வைத்து அழிக்க வேண்டிய கறை இதில் அரை நிமிடத்தில் போய்விடும். வெளிச்சத்தைத் திருத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நிறங்களுக்கும் உள்ள வித்தியாசம் குழம்பிவிடும். பழைய ஸ்டூடியோக்களின் பழுப்புச் சாயல் இதில் போய்விடுமே என்று கவலை வேண்டாம். கடைசியில் கலரைஸ் மூலம் அதைத் திரும்பக் கொடுக்கலாம்.

6. வெளிச்சமும் நிறமும்

ஓரத்தை விட்டுவிட்டு, படப் பகுதியை மட்டும் செவ்வகத் தேர்வால் தேர்ந்தெடுங்கள். ஓரத்தின் வெள்ளை கணக்கில் சேர்ந்தால், காட்டப்படும் வரைபடம் தப்பாக வழிநடத்தும். பிறகு கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும். மங்கிய படத்தில் அந்த மலை நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை முடியும் இடத்துக்கும் கொண்டுவாருங்கள். மலைக்கு உள்ளே நுழையாதீர்கள். நுழைந்தால் வெள்ளை வேட்டியின் மடிப்பும் கறுத்த கூந்தலின் இழையும் ஒரே திட்டாகிவிடும், அதன் பிறகு அவை திரும்பி வராது.

கலர் படத்தில் இதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சேனலிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 1970கள், 80களின் பல கலர் பிரிண்டுகள் ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தும் சிவந்துபோயிருக்கும். அவற்றில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் மற்ற இரண்டையும்விட வேகமாக மங்கியதுதான் காரணம். ஒவ்வொரு சேனலும் வெவ்வேறு அளவில் சரிந்திருப்பதால், மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் நகர்த்தினால் சிவப்பு அப்படியேதான் இருக்கும்.

"இந்த இடம் சாம்பல்" என்று காட்டி நிறத்தைச் சமன் செய்ய, லெவல்ஸில் சாம்பல் புள்ளி எடுக்கும் பொத்தான் உண்டு. அதை வெள்ளை வேட்டியில் வைப்பது எல்லோரும் செய்கிற தவறு. துவைத்து நீலம் போட்ட வேட்டி உண்மையிலேயே லேசான நீலம். அதைச் சாம்பல் என்று சொன்னால் படம் முழுக்க மஞ்சளாகும். சிமெண்ட் தரை, நிழலில் இருக்கும் சுண்ணாம்புச் சுவர், எவர்சில்வர் பாத்திரத்தின் நடுத்தர வெளிச்சம் இவை பரவாயில்லை. முடிவாகத் தோலைப் பாருங்கள். தோலை வெளுப்பாக்கும் ஆசையில் நடு முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளுகிறவர்கள் அதிகம். அது அந்த மனிதரின் நிறம், நாம் மாற்றக்கூடியது அல்ல.

இந்தப் படி தூசிக்கு முன்னால் வருவதற்குக் காரணம், வெளிச்சம் கூடும்போது மறைந்திருந்த கீறல்களும் நாம் போட்ட ஒட்டுகளும் ஒரே மாதிரி வெளியே வரும் என்பதுதான். கீறல் முதலில் வரட்டும், பிறகு ஒட்டலாம்.

7. தூசி

1 என்ற எண்ணை அழுத்தினால் படம் 100 சதவீத அளவில் வரும். இதற்குக் குறைவான அளவில் தூசி தெரியாது. அதிகமான அளவில் தூசி எது, படத்தின் மணி (படத்திலேயே உள்ள நுண்ணிய புள்ளிகள்) எது என்று தெரியாது. இடது மேல் மூலையில் ஆரம்பித்து, நெல் அறுக்கிற மாதிரி வரிசை வரிசையாக வாருங்கள். கண் போன இடமெல்லாம் அலைந்தால் பாதி விட்டுப்போகும்.

ஹீல் கருவி. கன்ட்ரோலை அழுத்தியபடி பக்கத்தில் சுத்தமான இடத்தில் ஒரு கிளிக், பிறகு தூசியின் மேல் ஒரு கிளிக். பிரஷ் தூசியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். பெரிய பிரஷ் வைத்தால் அந்த இடம் மெழுகு தடவியது போல் ஆகும்.

டெஸ்பெக்கிள் ஃபில்டரை முழுப் படத்துக்கும் ஓட்டாதீர்கள். மூக்குத்தியின் மினுக்கும் கம்மலின் கல்லும் அதற்குத் தூசிதான். பின்னணிச் சுவரை மட்டும் ஃப்ரீ செலக்ட் கருவியால் தேர்ந்தெடுத்து ஓட்டலாம்.

8. விரிசல்

இந்த வேலையில் கை பழக வேண்டிய இடம் இதுதான். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மடித்து வைத்ததால் விழுந்த விரிசல், பின்னணிச் சுவரில் தொடங்கி, தாடை விளிம்பைக் கடந்து, கன்னம் வழியாக மூக்கு வரை போகிறது. அகலம் அரை மில்லிமீட்டர், அதாவது 600 டிபிஐயில் சுமார் 12 பிக்சல். பிரஷ் 18 பிக்சல்.

முதலில் விரிசலைக் கிட்டப் பாருங்கள். அது ஒரு கோடு அல்ல, இரண்டு கோடு. ஒரு பக்கம் தூக்கிய விளிம்பு வெள்ளையாக, மறுபக்கம் அதன் நிழல் கறுப்பாக இருக்கும். வெள்ளையை மட்டும் அழித்துவிட்டு, "இன்னும் ஏதோ கோடு மாதிரி தெரிகிறதே" என்று குழம்புவது இங்கேதான். இரண்டையும் சேர்த்து மூட வேண்டும்.

சுவர்ப் பகுதிக்கு ஹீல். விரிசலை ஒட்டிய இடத்திலிருந்தே மூலம் எடுங்கள், அதாவது கன்ட்ரோல் கிளிக் அங்கேதான். ஒரே இழுப்பில் போகாமல் ஒரு பிரஷ் அகலம், இரண்டு பிரஷ் அகலம் என்று துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் மூலத்தை மாற்றி மாற்றி. நீளமாக இழுத்தால் பக்கத்துச் சுவரின் புள்ளிகள் அப்படியே திரும்ப வந்து இரட்டைக் கோடாகத் தெரியும்.

தாடை விளிம்பில் ஹீலை நிறுத்திவிட்டு குளோன் கருவிக்கு மாறுங்கள். ஹீல் சுற்றியிருக்கும் வெளிச்சத்தோடு கலந்துவிடும் இயல்புள்ளது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் சுவரின் நிறம் கன்னத்துக்குள் கசிந்து புகைபோல் படரும். குளோன் எடுத்ததை அப்படியே ஒட்டும். பிரஷின் ஹார்ட்னெஸ் (விளிம்பின் கடினம்) 80க்குப் பக்கத்தில். அலைன்மென்ட் என்ற இடத்தில் அலைண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விரிசலுக்குச் சற்றுக் கீழே, சரியாகத் தாடைக் கோட்டின் மேலேயே கன்ட்ரோல் கிளிக். பிறகு விரிசலில், தாடைக் கோடு வர வேண்டிய அதே புள்ளியில் தொடங்குங்கள். தொடக்கம் இரண்டு பிக்சல் தள்ளினால் தாடையில் படிக்கட்டு விழும்.

கன்னத்தில் வெளிச்சம் மூக்கிலிருந்து காதை நோக்கிக் குறைந்துகொண்டே போகிறது. மூலத்தை அந்தத் திசையில் எடுக்காதீர்கள். அதே அளவு வெளிச்சமுள்ள இடம் விரிசலுக்கு மேலும் கீழும்தான் இருக்கும், அங்கிருந்து எடுங்கள். ஹார்ட்னெஸ் 50, கருவி ஹீல்.

விரிசல் சேலையில் ஓடினால், கட்டமோ கரையின் பூவேலையோ எத்தனை பிக்சலுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று மெஷர் கருவியால் அளந்து, சரியாக அத்தனை பிக்சல் தள்ளி மூலம் எடுத்து குளோன் செய்யுங்கள். மடிப்பில் திசை மாறினால் மூலத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

9. செல்லரித்த பகுதி

மூலை, சுவர், தரை போயிருந்தால் பக்கத்திலிருந்து ஒரு துண்டைக் காப்பி செய்து, புது லேயரில் வைத்து, சேரும் விளிம்பை மென்மையான அழிப்பானால் கரைத்துவிடுங்கள். அதே துண்டை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் கண் உடனே கண்டுபிடிக்கும்.

ஒரு கண் போயிருந்தால் மறு கண்ணைத் திருப்பி ஒட்ட ஆசை வரும். கண்மணியில் விழுந்த விளக்கின் மினுக்கு எதிர்ப்பக்கம் போய், பார்வையே கோணலாகும். அதே ஆள், ஏறக்குறைய அதே வயது, அதே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்த வேறு படத்திலிருந்து எடுக்கலாம். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் அந்த இடத்தை மென்மையான சாம்பலாக விட்டுவிடுங்கள். முகத்தைத் தானாக நிரப்பித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அழகான ஒரு கண்ணைத் தரும். அது அந்தப் பாட்டியின் கண் அல்ல. அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் அதையே அவர் முகம் என்று நம்பி வளர்வார்கள்.

10. முகம்

முகம் கடைசியில் வருவதற்குக் காரணம், இதற்குள் கை பழகியிருக்கும், சுற்றுப்புறம் சுத்தமாகியிருக்கும் என்பதுதான். எது சேதம், எது முகம் என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

எதையும் அழிக்குமுன் வீட்டாரிடம் கேளுங்கள். மச்சம், அம்மைத் தழும்பு, கையில் பச்சை குத்தியது, நெற்றியின் திருநீற்றுக் கீற்று இவையெல்லாம் திரையில் கறை போலவே இருக்கும். நெற்றியில் நடுவாக மூன்று மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது கீறல் அல்ல. சுருக்கத்தைத் தொடாதீர்கள்.

11. மணியும் கூர்மையும்

ஒட்டிய இடங்கள் சுற்றுப்புறத்தைவிட வழுவழுப்பாகத் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓரத்தை ஃபெதர் செய்து (மெல்லக் கரையவிட்டு), ஆர்ஜிபி நாய்ஸை மிகக் குறைந்த அளவில் கொடுங்கள். இண்டிபெண்டன்ட் ஆர்ஜிபி என்பதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலர் புள்ளிகள் வரும்.

பிறகு ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்). ரேடியஸ் 1.5 முதல் 2, அமவுண்ட் 0.3 முதல் 0.5. கூர்மை விளிம்புகளைத் தடிப்பாக்கும். அதை முன்னாலேயே செய்திருந்தால் ஒவ்வொரு தூசியையும் சுற்றி ஒரு வெள்ளை வளையம் விழுந்து, எடுப்பது இரட்டை வேலையாகியிருக்கும். தலைமுடியைச் சுற்றி ஒளிக்கோடு தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

12. வெட்டுதல், சேமித்தல், பிரிண்ட்

இப்போது ஓரத்தை வெட்டலாம். லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் ஒன்று, இழப்பில்லாத டிஃப் ஒன்று, வாட்ஸ்அப்பிலும் லேபுக்கும் அனுப்ப 95 தரத்தில் ஜேபெக் ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

திரையைவிடப் பிரிண்ட் சற்று இருட்டாகவே வரும், திரை தானே ஒளி விடுகிறது அல்லவா. 8×12 ஆர்டர் கொடுக்குமுன் ஒரே ஒரு 4×6 போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லேபின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைக்கச் சொல்லியும் கொடுங்கள். சரியாக இருந்தால் பெரிது, இருட்டாக இருந்தால் லெவல்ஸில் நடு முக்கோணத்தை இடப்பக்கம் ஒரு துளி நகர்த்தி இன்னொரு 4×6.